இன்டர்மினபிள்: முடிவு இருந்தும் முடியாதவற்றுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நோக்கி கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கின்றன. 1924ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். அக்கரையில் ஜொகூர் பாருவின் விளக்குகள் கண்ணுக்கு நன்றாகவே தெரிகின்றன. வெறும் தொலைவை மட்டும் பார்த்தால், நடந்தே கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் காருக்குள் இருப்பவர்களுக்கு மணி ஏழாகிறது, எட்டாகிறது, ஒன்பதாகிறது. “இன்னும் எவ்வளவு நேரம்பா?” என்று பின்னிருக்கையிலிருந்து கேட்ட பிள்ளைகளும் தூங்கிப் போயிருப்பார்கள்.

இந்த வரிசையை ஆங்கிலத்தில் ‘லாங்’ என்று சொல்லலாம், தவறில்லை. ஆனால் ‘லாங்’ என்பது அளவைத்தான் சொல்லும். அந்த வரிசையில் சிக்கியவரின் பொறுமை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறொரு பெயரடை இருக்கிறது. அதுதான் ‘இன்டர்மினபிள்’.

அகராதியைப் புரட்டினால் ‘முடிவில்லாத’ என்று பொருள் போட்டிருக்கும். அது பாதி உண்மை. கடற்பாலத்து வரிசைக்கு முடிவு உண்டு. நள்ளிரவிலாவது ஊர் போய்ச் சேரத்தான் போகிறோம். முடிவு ஒன்று இருக்கிறது, அது வந்திருக்க வேண்டிய நேரமும் கடந்துவிட்டது, இன்னும் வரவில்லை என்ற சலிப்பே இச்சொல்லின் உயிர். உண்மையிலேயே முடிவில்லாத ஒன்றை ஆங்கிலம் இந்தச் சொல்லால் பெரும்பாலும் அழைப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று மூன்றுகள் வந்துகொண்டே இருக்கும். இதைக் கணித நூல்கள் ‘நான்-டெர்மினேட்டிங்’, அதாவது முடிவுறாத தசமம் என்கின்றன. எண்களின் வரிசைக்கு ‘இன்ஃபினிட்’ என்று பெயர். இரண்டிலும் யாருடைய மனக்குறையும் இல்லை. மாறாக, அந்தக் கணக்கைச் செய்யும் மாணவர், பாடவேளையை ‘இன்டர்மினபிள்’ என்று சொல்லக்கூடும். மணி அடித்ததும் அந்தப் பாடவேளை முடிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும்.

டெர்மினலில் இருந்து புறப்பட்ட சொல்

சொல்லைப் பிரிக்கும் இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ‘இன்டர்நெட்’, ‘இன்டர்வியூ’, ‘இன்டர்சேஞ்ச்’ ஆகியவற்றைப் பார்த்துப் பழகிய கண், இதையும் ‘இன்டர்’ என்ற முன்னொட்டுச் சொல்லாக எண்ணிக்கொள்ளும். அந்த ‘இன்டர்’ என்றால் ‘இடையே’ என்று பொருள். இங்கே அதற்கு வேலையே இல்லை. ‘இன்’ தனி, ‘இல்லாத’ என்று மறுக்க வந்த எழுத்துகள் அவை. அதன் பின்னால் வருவது ‘டெர்மின்’. கடைசியில் ‘ஏபிள்’, அதாவது ‘இயலும்’. மூன்றையும் சேர்த்தால் ‘எல்லை கட்ட இயலாதது’ என்று வரும். உச்சரிக்கும்போதும் அழுத்தம் ‘டெர்’ என்ற இடத்தில்தான் விழ வேண்டும். முதல் அசையை அழுத்தினால் ஆங்கிலக் காதுக்குச் சொல் பிடிபடாமல் போகலாம்.

நடுவில் இருக்கும் ‘டெர்மின்’ நமக்கு அந்நியமானதன்று. சாங்கியில் நான்கு டெர்மினல்கள் இருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து தெற்கே பேருந்து பிடிப்பவர்கள் போய் நிற்பது ‘டெர்மினல் பெர்செபாடு செலாத்தான்’. தமிழில் இதற்கு ‘முனையம்’ என்று பொருத்தமான சொல் ஏற்கெனவே புழங்கிவிட்டது. முனை என்றாலும் ஒன்றின் கடைசிப் புள்ளிதானே. வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்களுக்கு இதே வேர் வேறொரு வடிவில் அறிமுகம். “டெர்மினேட் பண்ணிட்டாங்க” என்ற இரண்டே சொற்களில் ஒருவரின் இரண்டாண்டுத் திட்டம் கலைந்துபோகும். பள்ளியின் ‘டெர்ம்’ இந்தக் குடும்பம். தீர்மானித்தலைக் குறிக்கும் ‘டிடெர்மின்’ இந்தக் குடும்பம். பூச்சிமருந்து விளம்பரங்களில் வரும் ‘எக்ஸ்டெர்மினேட்’ கூட இதே குடும்பம்தான். அந்தச் சொல்லின் பழைய லத்தீன் பொருள் ‘எல்லைக்கு வெளியே விரட்டுதல்’. அழித்தல் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இத்தனைக்கும் மூலம் ‘டெர்மினுஸ்’ என்ற லத்தீன் சொல். வயலுக்கும் வயலுக்கும் நடுவே ஊன்றும் எல்லைக்கல்லுக்கு ரோமானியர் வைத்த பெயர் அது. கல்லுக்கு மட்டுமன்றி, அதில் உறையும் தெய்வத்துக்கும் அதே பெயர். ஆண்டுதோறும் பிப்ரவரி 23ஆம் தேதி ‘டெர்மினாலியா’ என்ற விழா நடக்கும். வயல் அண்டைக்காரர்கள் இருபுறமும் நின்று அந்தக் கல்லுக்கு மாலை சூட்டிப் படையல் போடுவார்கள். ரோம் நகரின் குன்றில் ஜூப்பிட்டர் கோயில் கட்டப்பட்டபோது மற்ற தெய்வங்கள் இடம்பெயரச் சம்மதித்தன, டெர்மினுஸ் மட்டும் நகர மறுத்துவிட்டார், அதனால் அவரை உள்ளேயே வைத்துக் கோயில் கட்டினார்கள் என்று அவர்களின் பழங்கதை சொல்கிறது. எல்லைச்சாமியைக் கும்பிட்டு வளர்ந்த சமூகத்துக்கு இந்தக் கதையை விளக்க வேண்டிய தேவையே இல்லை. தோட்டப்புற எல்லையில் முனியாண்டிக்குக் கல் நட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தாமே இன்று டெர்மினலில் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள்.

ஆக, ‘இன்டர்மினபிள்’ என்றால் எல்லைக்கல் ஊன்ற முடியாத நிலம். எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் நீண்டுகொண்டே போவது.

துதியாக இருந்தது புலம்பலானது

இச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதில் சலிப்பின் வாடைகூட இல்லை. ரோமானிய அறிஞர் போயெத்தியுஸ் சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கி இருந்த நாள்களில், சுமார் 524ஆம் ஆண்டில், தத்துவம் தரும் ஆறுதலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காலத்துக்கு உட்பட்ட மனித வாழ்வையும் காலம் கடந்த இறை வாழ்வையும் பிரித்துக் காட்டும்போது, பின்னதற்கு எல்லையே இல்லை என்பதைக் குறிக்க இச்சொல்லின் லத்தீன் வடிவத்தைக் கையாண்டார். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த கவிஞர் ஜெஃப்ரி சாசர், அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். அங்கே அது துதி. இறைவனுக்கு மட்டுமே பொருந்தும் ஓர் அடைமொழி.

பிறகு என்ன நடந்தது? சொல் வானத்திலிருந்து இறங்கி, மனிதர்கள் காத்திருக்கும் இடங்களுக்கு வந்துவிட்டது. கடவுளுக்கு எல்லையில்லாமல் இருப்பது பெருமை. பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சு எல்லையில்லாமல் இருந்தால்?

சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1852, 1853ஆம் ஆண்டுகளில் தொடராக வெளியிட்ட ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் இந்த மாற்றம் முழுமையடைந்துவிட்டதைக் காணலாம். தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஒரு சொத்து வழக்கு, கடைசியில் வழக்குச் செலவே மொத்தச் சொத்தையும் தின்றுவிட்டதால் முடிவுக்கு வருகிறது. முதல் அத்தியாயத்திலேயே, நீதிமன்றத்தில் பேசும் ஒரு வழக்கறிஞரின் வழக்குக் குறிப்புக்கு டிக்கன்ஸ் இந்தப் பெயரடையைத்தான் சூட்டுகிறார். வழக்குக் குறிப்புக்கு ஆங்கிலத்தில் ‘பிரீஃப்’ என்று பெயர். அதற்கு ‘சுருக்கம்’ என்றும் பொருள் உண்டு. முடியவே முடியாத சுருக்கம்! “இரண்டே வார்த்தை சொல்லி விடைபெறுகிறேன்” என்று ஒலிபெருக்கியைப் பிடிப்பவர்களை நம் மேடைகளில் கேட்டவர்களுக்கு இந்த நகைச்சுவை உடனே புரியும். ‘இறுதியாக’ என்ற சொல் ஒரே உரையில் மூன்று முறை வந்தால், அந்த உரை ‘இன்டர்மினபிள்’ ஆகிவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இன்று இச்சொல் சேர்ந்து வரும் பெயர்களைப் பட்டியலிட்டாலே அதன் குணம் விளங்கும். காத்திருப்பு, கூட்டம், உரை, பயணம், தாமதம், விசாரணை, சண்டை. அன்போ மகிழ்ச்சியோ நன்றியோ அந்தப் பட்டியலில் இல்லை.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ‘எண்ட்லெஸ்’ என்றால் முடிவில்லாத, ‘இன்டர்மினபிள்’ என்றாலும் முடிவில்லாத, பிந்தையது கொஞ்சம் கனமான சொல், ஆகவே கட்டுரைக்கு அழகு சேர்க்கும் என்று நினைத்து, அம்மாவின் ‘இன்டர்மினபிள்’ பாசத்தைப் பற்றி எழுதினால், எப்போதடா இந்தப் பாசம் தீரும் என்று பிள்ளை ஏங்குவதாக ஆங்கிலம் அறிந்தவர்கள் படிப்பார்கள். இரங்கல் உரையில் இந்தப் பிழை நேர்ந்தால் சபையில் நெளிவார்கள். ‘எண்ட்லெஸ்’ இரு பக்கமும் சாயும்; எல்லையில்லாப் பொறுமைக்கும் வரும், ஓயாத தொல்லைக்கும் வரும். ‘எவர்லாஸ்டிங்’ பெரும்பாலும் நல்லதன் பக்கம் நிற்கும். ‘இன்டர்மினபிள்’ குறை சொல்ல மட்டுமே வாய் திறக்கும்.

ஓசையால் குழப்பும் இன்னொரு சொல் ‘இன்டர்மிட்டண்ட்’. வானிலை அறிவிப்பில் வருவது அது. விட்டுவிட்டுப் பெய்யும் மழை என்று பொருள். விடாமல் பெய்து உயிரை வாங்கும் மழைக்கு நேர் எதிர்.

‘புரோட்ராக்டட்’ என்ற சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நீண்டு இழுபடும் பேச்சுவார்த்தைக்கும் போருக்கும் செய்திகளில் அதிகம் வருவது இதுதான். முன்னோக்கி இழுத்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. வயலில் ஏர் இழுக்கும் ‘டிராக்டர்’ இதன் உடன்பிறப்பு. மாணவர்களின் கணிதப் பெட்டியில் இருக்கும் ‘புரோட்ராக்டர்’ எனும் கோணமானியும் அப்படித்தான். தமிழும் இதே படத்தைத்தான் வரைந்திருக்கிறது: இழுபறி, இழுத்தடிப்பு. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமலேயே ஒரே வினையைப் பிடித்திருக்கின்றன. ‘புரோட்ராக்டட்’ செய்தியாளர் நடுநிலையோடு பயன்படுத்தும் சொல், ‘இன்டர்மினபிள்’ மாட்டிக்கொண்டவர் பெருமூச்சோடு சொல்லும் சொல் என்று பிரித்து வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது.

தமிழில் எப்படிச் சொல்வது?

‘முடிவில்லாத’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, ‘முடிவில்லாத’ தமிழில் வசவும் வாழ்த்துமாக இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் சொல். முடிவில்லா இன்பம் என்று எழுதினால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சலிப்பு அதில் தானாக ஏறாது.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. தமிழில் ‘முடிவு’ என்ற சொல்லுக்கு இறுதி என்றும் பொருள், தீர்மானம் என்றும் பொருள். (மேலே சொன்ன ‘டிடெர்மின்’ வழியாக லத்தீனும் இதையேதான் செய்திருக்கிறது.) ஆகவே ‘முடிவில்லாத கூட்டம்’ என்று தலைப்பிட்டால், கூட்டம் இரவு முழுதும் நீண்டதா, கூடிப் பேசியும் எந்தத் தீர்மானத்துக்கும் வரவில்லையா என்று வாசகர் குழம்புவார். சில கூட்டங்களுக்கு இரண்டு பொருளும் பொருந்தும் என்பது வேறு விஷயம். ‘முடியாத’ என்று போட்டாலும் விடிவு இல்லை. ‘இயலாத’ என்ற பொருள் ஓடிவந்து முன்னால் நின்றுகொள்ளும்.

உண்மையில் தமிழ் இதற்கு ஒரு சொல்லை வைத்துக்கொள்ளவில்லை. எந்தப் பெயருக்கு முன்னால் வரப்போகிறது என்று பார்த்து ஆளை மாற்றி அனுப்புகிறது. இலக்கண வகுப்பில் படித்த எதிர்மறைப் பெயரெச்சம்தான் இங்கே வேலை செய்கிறது. மழைக்கும் அலைக்கும் வாயாடிக்கும் ‘ஓயாத’. நோய்க்கும் கடனுக்கும் தாகத்துக்கும் ‘தீராத’. அண்ணன் தம்பி பகைக்கு ‘ஆறாத’ அல்லது ‘அடங்காத’. நதிக்கு ‘வற்றாத’. புகழுக்கு ‘குன்றாத’. கடைசி எழுத்தை உதிர்த்துவிட்டு ஓயா, தீரா, வற்றா என்று நின்றாலும் பொருள் மாறாது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியது நினைவிருக்கும். இவற்றில் ‘ஓயாத’ பாதி, ‘தீராத’ பாதி ‘இன்டர்மினபிளின்’ வேலையைச் செய்கின்றன. ‘வற்றாத’வும் ‘குன்றாத’வும் அந்தப் பக்கமே போவதில்லை. அவை வாழ்த்துக்கென்று ஒதுக்கப்பட்டவை.

மலாய் மொழியும் ஏறத்தாழ இதே வழியில் போகிறது. இழுத்துக்கொண்டே போகும் தகராற்றுக்கு ‘பெர்லாருத்தான்’. நீட்டி முழக்கும் பேச்சுக்கும் கடிதத்துக்கும் ‘பாஞ்சாங் பெர்ஜெலா’. மலேசியத் தமிழர்கள் இந்த இரண்டையும் வீட்டுப் பேச்சில் கலந்தே பேசிவிடுவதும் உண்டு.

பேச்சுத் தமிழுக்கு வந்தால் பெயரெச்சத்தை விட்டுவிட்டு உவமைக்குத் தாவிவிடுகிறோம். அங்கேதான் சலிப்பு சரியாக வந்து உட்காருகிறது. ஜவ்வு மாதிரி இழுக்கிறான். அனுமார் வால் மாதிரி நீளுது. தமிழ்நாட்டில் ‘கன்னித்தீவு மாதிரி போகுது’ என்பார்கள். ‘தினத்தந்தி’ நாளிதழில் 1960ல் தொடங்கிய சிந்துபாத் படக்கதை அது. தினமும் சில கட்டங்கள் வீதம் வந்து, தாத்தா படிக்கத் தொடங்கியதைப் பேரனும் படிக்கும் அளவுக்கு நீண்டது. இந்த வட்டாரத்தில் அந்த இடத்தைப் பெரும்பாலும் தொலைக்காட்சித் தொடர்கள் பிடித்துக்கொண்டன. சன் டிவியில் 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ 1,500 பகுதிகளைத் தாண்டியது. “என்னடி, சீரியல் மாதிரி இழுக்கிற, விஷயத்துக்கு வா” என்று ஓர் அக்காள் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னால், அதுவே ‘இன்டர்மினபிளுக்கு’ மிகச் சரியான தமிழாக்கம்.

ஆனால் அனுமார் வாலும் ஜவ்வும் எல்லா இடத்துக்கும் வராது. நீதிமன்றச் செய்தியில் ஜவ்வு ஒட்டாது. செய்தி நடையில் எழுதுபவர்கள் வாக்கியத்தையே மாற்றிப்போட்டால் சுலபம். ‘இன்டர்மினபிள் வெயிட்’ என்பதை ‘முடிவில்லாத காத்திருப்பு’ என்று பெயர்ப்பதைவிட, ‘காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனார்கள்’ என்பது நெருக்கமானது. ஆங்கிலம் பெயரடையில் வைத்திருப்பதைத் தமிழ் இரட்டித்த வினையில் வைத்திருக்கிறது. ‘பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்’ என்பதிலும் அதே கதைதான். ‘கொண்டே’ என்ற அந்தத் துணைச்சொல்லைச் சற்று நீட்டி உச்சரித்தாலே போதும், கேட்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

மருத்துவமனை மேசையில்

வகுப்பறையிலும் மேடையிலும் இந்தச் சொற்கள் மாறிப்போனால் சிரித்துவிட்டுப் போகலாம். மருத்துவமனையில் அப்படி முடியாது.

அங்கே மூன்று நிலைகள் இருக்கின்றன. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் போல ஆண்டுக்கணக்கில் உடன்வரும் நோயை ஆங்கிலத்தில் ‘கிரானிக்’ என்பார்கள். காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘க்ரோனோஸ்’ இதன் வேர். இனி மீள வழியில்லை, இறுதிக்கட்டம் என்றால் ‘டெர்மினல்’. இரண்டுக்கும் வெளியே, சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் மாதக்கணக்கில் அலையும் குடும்பத்தினரின் களைப்பு இருக்கிறது. அதைத்தான் ‘இன்டர்மினபிள்’ என்பார்கள். அது நோயின் பெயரன்று, மருத்துவச் சொல்லும் அன்று. ‘டெர்மினல்’ இதற்கு ரத்த உறவு என்றாலும், பொருளில் எதிர்த்திசையில் நிற்கிறது. ஒன்று எல்லை வந்துவிட்டது என்கிறது. மற்றது எல்லையே தென்படவில்லை என்கிறது.

தமிழில் ‘தீராத நோய்’ என்ற ஒரே தொடர் இந்த மூன்றின் மீதும் போர்வையாகப் படர்ந்துவிடும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இருபது ஆண்டுகள் நன்றாக வாழ்பவருடையதும் தீராத நோய்தான், வாரக்கணக்கில் நாள் எண்ணப்படுபவருடையதும் தீராத நோய்தான். மருத்துவர் ‘டெர்மினல்’ என்று சொன்னதை, மனம் நோகக்கூடாது என்ற அக்கறையில் ஒரு பேத்தி பாட்டியிடம் ‘தீராத நோயாம் பாட்டி’ என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “சர்க்கரைகூடத் தீராததுதானே, முப்பது வருஷமா வச்சிருக்கேன்” என்று பாட்டி நிம்மதியாகத் திரும்பிப் படுத்துவிடக்கூடும். அதன்பின் கேட்க வேண்டிய கேள்விகளை யாரும் கேட்கமாட்டார்கள்: வீட்டில் இருக்கவேண்டுமா, மருத்துவமனையிலா, யாரைப் பார்க்க ஆசைப்படுகிறார், எந்தச் சிகிச்சை வேண்டாம்.

சிங்கப்பூரில் அந்தக் கடைசிக் கேள்விக்குச் சட்ட வடிவமும் உண்டு. இறுதிக்கட்டத்தில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிப் பதிவுசெய்ய வகைசெய்யும் சட்டம் 1996ல் நிறைவேறியது. ‘டெர்மினல்’ நோய் எது என்பதை அந்தச் சட்டம் வரையறுத்திருக்கிறது. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குணமடைய நியாயமான வாய்ப்பு இல்லாதது. அத்தகைய அசாதாரணச் சிகிச்சை அளித்தாலும் அளிக்காவிட்டாலும் மரணம் அணுகிவிட்டதாக மருத்துவ அடிப்படையில் கருதப்படுவது. நீரிழிவோடு முப்பது ஆண்டு நடப்பவர் இந்த வரையறையின் வாசலுக்கே வரமாட்டார்.

அதனால் மருத்துவம் சார்ந்த தமிழில் ‘தீராத’ என்பதைத் தவிர்த்து, ‘கிரானிக்’ என்றால் ‘நாட்பட்ட நோய்’, ‘டெர்மினல்’ என்றால் ‘இறுதிக்கட்ட நோய்’ என்று பிரித்து எழுதும் வழக்கம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் தரப்படும் கவனிப்புக்கு ‘அந்திமகாலப் பராமரிப்பு’ என்பது இப்போது பரவலாகப் புழங்குகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தச் சொற்கள் புதியவை என்றால், சொல்லை விட்டுவிட்டுப் பொருளைச் சொல்லலாம். ‘இது மருந்தால் கட்டுப்படுத்தி வைத்திருக்கக்கூடியது’ என்பது ஒன்று. ‘இதற்கு மேல் மருந்து கேட்காது என்கிறார் டாக்டர்’ என்பது மற்றொன்று.

மூன்றாவது நிலைக்கு, ஆறு மாதமாக அலுவலக விடுப்பெடுத்து, சந்திப்பு நேரத்துக்காகக் காத்திருந்து, மருந்தக எண் எப்போது திரையில் வரும் என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் மகளின் நிலைக்கு, எந்த நோய்ப் பட்டியலிலும் பெயர் கிடையாது. “முடியலைக்கா” என்று அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லும்போது, முடியவில்லை என்ற அந்த ஒரு சொல்லில், இன்னும் தீரவில்லை என்பதும் தன்னால் இயலவில்லை என்பதும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ‘இன்டர்மினபிளில்’ இரண்டாவது பொருள் கிடையாது.